போயிட்டு வரேனுங்க

"வெளியேறு" என்ற பொத்தானை வேலாங்காட்டு மக்கள் முதல் நாளே ஒருமனதாக நீக்கிவிட்டார்கள்.

ஊரே சேர்ந்து வரையும் கூட்டுவரைவியில் எந்த வரைவைத் திறந்தாலும் வலது மேல் மூலையில் அந்தப் பொத்தான் இருக்கும். வேலை முடிந்தவர் அதைத் தொட்டுவிட்டுப் போகலாம். மற்ற ஊர்களில் அதைப் பற்றி யாரும் இரண்டாம் முறை யோசித்ததாகத் தெரியவில்லை. வேலாங்காட்டில் மட்டும் கூட்டம் தொடங்கிய சற்று நேரத்திலேயே, பழைய கைப்பேசிக் கடை சர்வேஷின் பச்சைப் புள்ளி அதன் பக்கத்தில் வந்து நின்றது.

"ஏனுங்க, என்னங்க இது? பந்தியில உக்காந்தவனைக் கையைப் புடிச்சு எழுப்பற மாதிரி இருக்குது! வெளியேறாம்! மருவாதி வேண்டாமா?"

பல வண்ணப் புள்ளிகள் அவர் பக்கம் நகர்ந்தன. ஆளுக்கொரு சொல் எழுதி, அழித்து, மறுபடி எழுதினார்கள். கடைசியில் ஜனனியின் ஊதாப் புள்ளி நிதானமாக ஊர்ந்து வந்து "போயிட்டு வரேனுங்க" என்று எழுதியது. கைத்தட்டல் கேட்டது. வரைவு தெரியும் பலகை, "ஏற்றுக்கொண்டேன்" என்றது.

அந்தக் காலத்தில் ஓர் இயந்திரத்தின் முகப்பை, அதாவது மனிதர் தொட்டு வேலை வாங்கும் பக்கத்தை, ஒருவர் படமாக வரைவார். இன்னொருவர் அதற்கு நிரல் எழுதுவார். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதை மூன்றாமவர் வந்து கண்டுபிடிப்பார். கூட்டுவரைவி அந்த மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அதில் எழுத்தே இயக்கம். ஒரு கட்டம் போட்டு "விளக்கை அணை" என்று எழுதினால் விளக்கு அணையும். எழுதியதைப் படித்துப் புரிந்துகொள்ள உள்ளே பொருள்கொள்ளி என்ற பகுதி இருந்தது. ஊரில் யார் வேண்டுமானாலும் தன் கைத்தகட்டுத் திரையிலிருந்து உள்ளே வந்து வரையலாம். வந்தவர் ஒவ்வொருவரும் ஒரு வண்ணப் புள்ளியாகத் தெரிவார்.

யாராவது ஒருவர் உள்ளே இருக்கும்வரை வரைவு இளக்கமாக இருக்கும். எல்லோரும் போன பிறகுதான் உறையும். உறைந்த வரைவு கதவுகளிலும் கட்டில்களிலும் சுவர்களிலும் தானாகப் பதிந்துவிடும். பிறகு மாற்ற வேண்டுமானால் மாவட்டத்துக்கு எழுதி, புது வரைவு திறந்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வேலாங்காடு வரைந்துகொண்டிருந்தது ஊரின் தாய்மனைக்கான முகப்பை. பிரசவத்துக்கென்றே கட்டிய சிறிய மருத்துவமனை அது. கட்டடம் தயார். கருவிகள் வந்து உறைகூடப் பிரிக்காமல் நின்றன. ஊர்க்காரர்கள் ஏன் இவ்வளவு ஆர்வமாக இருந்தார்கள் என்றால், அந்த ஊரில் குழந்தை பிறந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. எல்லாப் பிரசவமும் கோயமுத்தூரில். இளவட்டங்கள் அத்தனை பேரின் பிறப்புச் சான்றிதழிலும் கோயமுத்தூர் என்றே இருக்கும்.

"நம்ம ஊர்ல பொறந்தவன்னு சொல்ல ஒரு பய இல்ல. எல்லாம் எறக்குமதிச் சரக்கு" என்பார் சர்வேஷ்.

முகப்புக் குழுவின் தலைவி சுபிக்‌ஷா. அவளுக்கு நிறைமாதம். தாய்மனையின் முதல் குழந்தை தன் குழந்தையாக இருக்க வேண்டும் என்று அவள் வெளிப்படையாகவே சொல்லி வந்தாள். தான் வைத்த விளக்கின் கீழே, தான் எழுதிய பொத்தானைத் தொட்டபடி, தன் ஊரில் பெற வேண்டும். அதற்கு வரைவு உறைந்தாக வேண்டும். இளகிய வரைவின் கீழ் சிகிச்சை செய்யச் சட்டம் இடம் தரவில்லை. அடுத்த தெருவில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் விளையாட்டாகப் பொத்தானை இடம் மாற்றினால் இங்கே கட்டில் சாய்ந்துவிடும்.

வேலை உற்சாகமாக நடந்தது. வலியை எப்படிச் சொல்வது என்று பெரிய விவாதம். பிற ஊர்களில் ஒன்று முதல் பத்து வரை எண் வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து அதைத் தள்ளிவிட்டு மூன்று பொத்தான்கள் வைத்தார்கள்: "வலிக்குது", "நொம்ப வலிக்குது", "அய்யோ அம்மா". மூன்றாவதைத் தொட்டால் மருத்துவர் ஓடி வர வேண்டும். "மாமியாரை வெளியே நிறுத்து" என்று ஒரு பொத்தான் தினமும் காலையில் எங்கிருந்தோ முளைக்கும். ஜனனி வந்து தினமும் அழிப்பார். அவர் சுபிக்‌ஷாவின் மாமியார். மருமகள்மேல் சந்தேகம் இருந்தும் கேட்கவில்லை. கேட்காமலே, "கையெழுத்து யாருதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்" என்று காற்றில் சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு புதன்கிழமை எல்லாம் முடிந்தது. ஒவ்வொருவராகப் "போயிட்டு வரேனுங்க"வைத் தொட்டுவிட்டுக் கிளம்பினார்கள். சுபிக்‌ஷாவும் தொட்டாள். பலகை காலியாக இருந்தது. ஆனால் உறையவில்லை.

வியாழன் காலையிலும் உறையவில்லை. அவள் தாய்மனைக்கே போய், வரவேற்பறைச் சுவரில் இருந்த பெரிய பலகையின் முன் நின்று கேட்டாள். "எல்லாரும்தான் போயாச்சே, ஏன் இன்னும் உறையல?"

"யாரும் போகவில்லை. எல்லோரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காத்திருக்கிறேன்" என்றது பலகை.

சுபிக்‌ஷா ஒரு கணம் திகைத்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் விளக்கப் பார்த்தாள்.

"நாங்க வரேன்னு சொன்னா, போறோம்னு அர்த்தம்."

"அப்படியானால் வருவதற்கு என்ன சொல்வீர்கள்?"

"இதோ வந்துட்டேன்னு சொல்லுவோம்."

"அதைச் சொல்லும்போது வந்துவிட்டிருப்பீர்களா?"

"இல்ல... வீட்ல இருந்து கெளம்பியே இருக்க மாட்டோம்."

பலகைமேல் தப்பும் இல்லை. மருத்துவ வரைவுகளில் பொருள்கொள்ளி சொல்லுக்கு நேர்ப்பொருள் மட்டுமே கொள்ள வேண்டும் என்பது விதி. "போதும்" என்று எழுதினால், உபசாரத்துக்குச் சொல்கிறார்கள், இன்னும் கொஞ்சம் வைக்கலாம் என்று அது தானாக முடிவு செய்தால் மருந்தளவு என்ன ஆவது?

சாயங்காலம் ஊரே வந்து வேறு சொற்களைப் போட்டுப் பார்த்தது. "கெளம்பறேன்" என்று எழுதினார்கள். பலகை, "எப்போது திரும்புவீர்கள்?" என்றது. "உத்தரவு வாங்கிக்கறேன்" என்று எழுதியதற்கு, "என்ன உத்தரவு?" என்றது. "அப்ப நான் வரட்டுங்களா?" என்று சர்வேஷ் எழுதியதும், "தாராளமாக வாருங்கள்" என்று அவருடைய பச்சைப் புள்ளியைப் பிடித்து உள்ளே உட்கார வைத்துவிட்டது. பழைய "வெளியேறு"வையே மறுபடி வைக்கலாம் என்றால், ஒருமனதாக நீக்கிய சொல் அதே வரைவில் திரும்ப வராது.

மிஞ்சியது ஒரே வழி. சுபிக்‌ஷா தயங்கித் தயங்கி எழுதினாள்: "போறேன், வரமாட்டேன்."

"ஏற்றுக்கொண்டேன்" என்றது பலகை.

ஜனனிதான் முதலில் வாய் திறந்தார். "அம்மிணி, புள்ளை பொறக்கற எடம் இது. இங்க நின்னு எந்த வாயில அந்தச் சொல்லைச் சொல்றது?"

"சொல்ல வேண்டாங்கத்தை, தொட்டாப் போதும்."

"தொடறதும் சொல்றதும் ஒண்ணுன்னுதானே இத்தனை நாளா நீ பாடம் நடத்துனே?"

சுபிக்‌ஷா எழுதியதையே மறுபடி படித்துப் பார்த்தாள்.

மருத்துவர் அனுக்ரஹா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் வெளியூர்க்காரர். சிகிச்சை தருபவர்கள் வரைவில் கை வைக்கக் கூடாது என்பதால் அவரும் செவிலியர்களும் ஒரு கோடுகூடப் போட்டதில்லை. "சனிக்கிழமைக்குள்ள உறையலைன்னா நான் ரிஸ்க் எடுக்க மாட்டேன், சுபிக்‌ஷா. கோயமுத்தூர்தான். தானூர்தி வாசல்ல நிக்கும்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஊர் வரிசையில் நின்றது. கைத்தகட்டில் வீட்டிலிருந்தே தொடலாம். ஆனால் அந்தச் சொல்லை வீட்டுக்குள் வைத்துத் தொட ஒருவரும் தயாராக இல்லை. தாய்மனைப் பலகைக்கே வந்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தொட்டார்கள். சிலர் தொட்டுவிட்டு மூன்று முறை துப்பிவிட்டுப் போனார்கள். அதைத் துடைக்க ஆள் போட வேண்டியிருந்தது. இடது சுண்டு விரலால் தொட்டால் பாதிதான் பலிக்கும் என்று யாரோ சொல்ல, அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் இடது சுண்டு விரலையே நீட்டினார்கள். சர்வேஷ் அழுத்திவிட்டு மேலே பார்த்து, "சாமி, இது மிசினுக்குச் சொன்னது, உனக்கில்ல" என்று கும்பிட்டார்.

சுபிக்‌ஷாவின் கணவன் பிரகதீஷ் கண்ணை மூடிக்கொண்டு தொட்டான். அவளும் தொட்டாள். புள்ளிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. நண்பகலில் ஒரே ஒரு புள்ளி பாக்கி. ஊதாப் புள்ளி.

"எங்கம்மாவைக் கூப்பிட்டு வாரேன்" என்று பிரகதீஷ் திரும்புவதற்குள் சுபிக்‌ஷா அவன் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏனுங்க."

"என்ன?"

"வலிக்குது."

"எந்தப் பொத்தான்?" என்று கேட்டான். பதற்றத்தில் கேட்டதுதான்.

"நொம்ப..." என்றவள் அடுத்த மூச்சில் மூன்றாவது பொத்தானின் சொல்லை அறை அதிரச் சொன்னாள்.

அனுக்ரஹா ஓடி வந்து பார்த்தார். நேரம் அதிகம் இல்லை. செவிலியர்கள் அவளைப் பிரசவ அறைக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அந்தக் கட்டில் உயரவும் இல்லை, தாழவும் இல்லை. வரைவு இளகி இருக்கும்வரை அது வெறும் கட்டில். விளக்கு எரியவில்லை. வாசலில் தானூர்தி உறுமிக்கொண்டிருந்தது. "கெளப்பலாம். வழியில பாத்துக்கறேன்" என்றார் மருத்துவர்.

ஜனனி அதற்குள் வந்துவிட்டார். பலகையின் முன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திறந்திருந்த கதவு வழியாக மருமகளின் முகம் தெரிந்தது.

"அத்தை... தொடுங்கத்தை."

"மாட்டேன் கண்ணு. எம் பேரக்கொழந்தை வர்ற நேரத்துல நான் வரமாட்டேன்னு சொல்றதா? என்னைக் கொன்னாலும் ஆகாது."

"நீங்க தொடலைன்னா அது தார்ரோட்டுல பொறக்கும். சான்றிதழ்ல எந்த ஊருன்னு போடுவாங்க? பெட்ரோல் பங்க்குன்னா?"

வலியிலும் அவளுக்கு வாய் குறையவில்லை. ஜனனிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சேலை முந்தானையால் விரலைச் சுற்றினார், தான் தொடவில்லை, துணிதான் தொட்டது என்று இருக்கட்டும் என்பதைப்போல. பலகை துணியை ஏற்கவில்லை. முந்தானையை உதறிவிட்டு, "போறேன்டா, வரமாட்டேன்டா, போதுமா!" என்று கத்திக்கொண்டே உள்ளங்கை முழுவதையும் வைத்து அறைந்தார்.

ஊதாப் புள்ளி மறைந்தது.

"உறைந்தது" என்றது பலகை.

தாய்மனை விழித்துக்கொண்டது. கட்டில் மெதுவாக உயர்ந்தது. விளக்கு சுபிக்‌ஷா விரும்பிய வெளிர்மஞ்சளில் எரிந்தது. இன்னொருவர் பிரசவத்தைத் தெருவிலிருந்து எட்டிப் பார்க்கலாகாது என்று ஊரே சேர்ந்து எழுதியபடி, பிரசவ அறைக்கு வெளியில் நின்றவர்களை வாசலுக்கு அனுப்பிவிட்டு வாசற்கதவு மூடிக்கொண்டது. வேலாங்காட்டில் பெண் குழந்தை பிறந்தது. அதன் அழுகை கேட்டதும் வாசலில் பட்டாசு வெடித்தார்கள். மருத்துவர் ஜன்னலைத் தட்டித் திட்டிய பிறகு நிறுத்தினார்கள்.

பிரகதீஷ் சட்டையைச் சரிசெய்துகொண்டு கதவருகே போனான். கதவு திறக்கவில்லை. அதன்மேல் எழுத்துகள் தோன்றின.

"தாங்கள் வரமாட்டேன் என்று கூறியிருக்கிறீர்கள்."

"நான் அப்பனுங்க!"

"வாழ்த்துகள்" என்றது கதவு. அசையவில்லை.

ஜனனி அவனை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தார். அவருக்கும் அதே பதில். சர்வேஷ் வந்தார், அடுத்த தெருக்காரர்கள் வந்தார்கள், இடது சுண்டு விரல்காரர்கள் வந்தார்கள். பாதிச் சொல் என்று கதவு யாருக்கும் சலுகை தரவில்லை. சற்று நேரத்தில் பக்கத்து ஊரிலிருந்து விவரம் தெரியாமல் ஒரு கர்ப்பிணியும் அவள் தங்கையும் வந்தார்கள். கதவு, "வாருங்கள், வாருங்கள்" என்று அகலமாகத் திறந்து அவர்களை உள்ளே விட்டு மூடிக்கொண்டது.

அப்போதுதான் ஊருக்கு விளங்கியது. வேலாங்காட்டார் வரைந்த தாய்மனைக்குள் வேலாங்காட்டாரைத் தவிர உலகத்தில் எல்லோரும் போகலாம்.

"நல்லா வரைஞ்சோம் போ!" என்று சர்வேஷ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மாவட்டத்துக்கு எழுதினார்கள். புது வரைவு திறக்க மழைக்காலம் முடிய வேண்டும் என்று பதில் வந்தது. சுபிக்‌ஷா வீடு திரும்பும்வரை குழந்தையை ஜன்னல் கண்ணாடி வழியாகவே பார்த்தார்கள். மூக்கு யாருடையது என்று வெளியில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. பிரகதீஷ் கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்று நின்று அங்கே ஒரு வட்டக்கறை விழுந்தது.

வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் சொன்ன காலையில், சுபிக்‌ஷா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவின் உட்பக்கத்தில் வந்து நின்றாள். எதிரே, வெளியே போகிறவர் தொட வேண்டிய, கதவில் பதிந்துவிட்ட இரண்டு பொத்தான்கள். கண்ணாடிக்கு அப்பால் ஊர்.

கடைசியாகச் சொன்ன சொல்தான் செல்லும் என்பது பொருள்கொள்ளியின் விதி. "போறேன், வரமாட்டேன்" என்று தொட்டால், தானும் குழந்தையும் சேர்ந்து இந்த வாசலுக்கு வெளியே. தடுப்பூசிக்குக்கூட வர முடியாது. மற்றதைத் தொட்டால்...

"தொடாதே சுபி!" என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து பிரகதீஷ் கத்தினான். தாய்மனையில் நின்றுகொண்டு மறுபடி வருவேன் என்றால் என்ன பொருள் என்பது அவனுக்கு உறைத்துவிட்டது.

"நீ தொடு கண்ணு!" என்று ஜனனி அதைவிட உரக்கக் கத்தினார். அவருக்கும் உறைத்துவிட்டது.

சுபிக்‌ஷா இருவரையும் பார்த்தாள். சிரித்துக்கொண்டே "போயிட்டு வரேனுங்க"வைத் தொட்டாள்.

"மகிழ்ச்சி. அடுத்த பிரசவத்துக்கு அறை ஒதுக்கப்பட்டது. உடன் வருபவர்கள் யார் யார்?" என்றது கதவு.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். உடன் வருபவர் தன் சொல்லால் வருவதில்லை. பிரசவத்துக்கு வருகிறவளின் சொல்லால் வருகிறார்; அவர் முன்பு வரமாட்டேன் என்றிருந்தாலும் கதவு தடுக்காது. வரைவு உறையும் முன்பே வலியோடு உள்ளே போனதால் அன்று இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. குழந்தையைச் செவிலியிடம் கொடுத்துவிட்டு எழுத ஆரம்பித்தாள். பிரகதீஷ். ஜனனி. சர்வேஷ். பிறகு தெருத் தெருவாக, வீடு வீடாக, ஒருவரையும் விடாமல் எழுதினாள். விரல் வலித்தபோது செவிலி எழுதினார்.

கதவு திறந்தது.

ஊர் உள்ளே பாய்ந்தது. ஜனனி குழந்தையை வாங்கி மூக்கைத் தொட்டுப் பார்த்து, "எங்க வீட்டு மூக்குதான்" என்று தீர்ப்பு எழுதிவிட்டார். பிரகதீஷ் அதன் உள்ளங்காலை ஒரு விரலால் தடவிக்கொண்டே நின்றான். லட்டு வந்தது. பக்கத்து ஊர்க் கர்ப்பிணிக்கும் கொடுத்தார்கள். சுவரில் பதிந்திருந்த மூன்று வலிப் பொத்தான்களையும் ஆளாளுக்குக் காட்டி, இது நான் வரைந்தது, அது நான் வரைந்தது என்று பெருமையடித்தார்கள்.

பிறகு, மனம் நிறைந்து, வாயில் இனிப்போடு, ஒவ்வொருவராக வாசலில் நின்று அந்தப் பொத்தானை ஆசை தீரத் தொட்டுவிட்டு வெளியே போனார்கள். எந்தப் பொத்தான் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவரும் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

கடைசி ஆள் போனதும் மருத்துவர் அனுக்ரஹா தன் மேசைக்கு வந்தார். மேசைத் தகட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். தகட்டைக் கையிலெடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். படியிறங்கிக்கொண்டிருந்த கூட்டம் திரும்பி நின்றது.

"சர்வேஷ் யாருங்க?"

"நான்தானுங்க." கையிலிருந்த மிச்ச லட்டை மரியாதைக்காக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அறுபத்தி நாலு வயசு. அடுத்த பிரசவத்துக்கு உங்க பேருக்கு அறை ஒதுக்கியிருக்கு. உங்களுக்குத் தலைப்பிரசவம்னு வேற எழுதியிருக்கு. எப்ப வர்றீங்கன்னு பலகை கேக்குது."

ஊர் முழுக்க அவரையே பார்த்தது. அவ்வளவு பணிவாக, பேர் சொல்லி, வாசல்வரை வந்து கேட்பவரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று அவர் வாழ்க்கையில் சொன்னதில்லை.

"ஆகட்டும். பாக்கலாங்க."

மருத்துவரின் கையிலிருந்த தகட்டில், சர்வேஷின் பெயருக்கு எதிரே "ஆகட்டும்" என்று எழுத்து விழுந்தது. அதற்கு அடுத்த வரியில் பிரகதீஷின் பெயர் காத்திருந்தது.